நெட்டில் இல்லாத தேதி

கள்ளக்குறிச்சியில் ஒரு பேனர் கடையில் டிசைனர் நான். மாதக் கடைசியில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து, அடுத்த மாதம் யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு நினைவுநாள் என்று பார்த்து, முன்கூட்டியே டிசைன் போட்டு வைப்பேன். ஆள் வந்ததும் அவர் போட்டோவைச் சேர்த்தால் போதும்.

இன்று கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் வந்தார்.

"எங்க ஊர்ல கூலி இல்லாம வேலை வாங்கிக்கினு இருந்தாங்க. அது நின்னு அம்பது வருசம் ஆவுது. பேனர் வெக்கணும். தேதி மட்டும் நெட்ல பாத்துப் போடுங்க."

தேடினேன். அருவி இருந்தது, தங்கும் விடுதி இருந்தது, போகும் வழி இருந்தது. அந்த நாள் இல்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா இவ்ளோ நேரம்? எதுனா ஒரு தேதியப் போட்டு அனுப்பு."

"வேணாங்க" என்றார் வந்தவர். "எங்கப்பா நாள் கெழம பாக்காம ஒழைச்சவரு. அவர வுட்ட நாளாவது சரியா இருக்கட்டும்."

பேனர் இல்லாமலே பஸ் ஏறப் போய்விட்டார்.

அடுத்து, ஒரு நடிகரின் முதல் படத்துக்கு இருபத்தைந்தாம் ஆண்டு பேனர். தேதி, கிழமை, முதல் காட்சி எத்தனை மணிக்கு என்பதுவரை நெட்டில் இருக்கிறது.

வேண்டியவர்கள் கமெண்டில் கேளுங்கள், உடனே சொல்கிறேன்.