ஜோடிப் பதிவில் ஒரு ஞானத்தாய்

விமானச் சீட்டுப் பதிவு செய்து கொடுப்பது, நாம் செய்யாத தாமதத்துக்கு நாமே மன்னிப்புக் கேட்கும் தொழில். குறைந்த கட்டண விமானத்துக்காக அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்ட அன்பர்களே, நானும் உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். நீங்கள் நாற்காலியில் அமர்ந்து துன்பப்பட்டீர்கள். நான் தொலைபேசியில் துன்பப்பட்டேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் புனேயின் கட்கிப் பகுதியில் ஆசிரியையாக இருந்தேன். மணி அடித்த பின் வகுப்புக்குள் நுழைந்த எவரையும் நான் உட்கார விட்டதில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம், என் பழைய மாணவன் குமரவேல், கட்கி பஜாரில் தான் நடத்தும் டிராவல்ஸ் கடைக்கு வந்து உட்காரும்படி என்னை அழைத்தான். தமிழ்க் குடும்பத்தினர் தொலைபேசியில் விவரம் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். "நீங்க சும்மா உக்காந்து பேசினாப் போதும் டீச்சர், டென்ஷன் நக்கோ" என்றான். வேண்டாம் என்பதற்குரிய மராத்திச் சொல்லைத் தமிழ் வாக்கியத்தின் முடிவில் அவன் வைத்தபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடைக்கு ஒரே எண்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பதிவு செய்யும்போது பயணியின் தொலைபேசி எண்ணைக் கொடுக்க மாட்டோம். கடையின் எண்ணையே கொடுப்போம். அடுத்த முறை பயணி எங்களை விட்டுவிட்டு நேரே விமான நிறுவனத்திடம் போய்விடக் கூடாது என்பது காரணம். ஆகவே, யாருடைய விமானம் தாமதமானாலும் செய்தி வந்து விழுவது எங்கள் மேசைமேல் இருந்த ஒரே கைப்பேசியில்தான். செய்தியில் பயணியின் பெயர் இராது. ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு மட்டுமே இருக்கும்.

முதல் வாரத்தில் ஒரு நாள் பெருமழை பெய்தது. அரை மணி நேரத்தில் பதினான்கு செய்திகள் வந்தன. கோடு போட்ட நோட்டில் குறியீடு, பெயர், பழைய நேரம், புதிய நேரம் என நான்கு பத்திகள் வரைந்து, மையால் எழுதத் தொடங்கினேன். நான்காம் பத்தியை எழுதி முடிப்பதற்குள் புதிய நேரம் பழைய நேரமாகிவிட்டது. ஐந்தாம் பத்தி வரைந்தேன். ஆறாம் பத்தியும் வரைந்தேன். பிறகு இடம் போதாமல் நோட்டையே குறுக்காகத் திருப்பினேன். எட்டிப் பார்த்த குமரவேல் சொன்னான்: "பென்சில்ல எழுதுங்க டீச்சர், பேனாவுக்குத் தாங்கற ஏர்லைன் இல்ல இது."

தாமதத்துக்கு வருந்துகிறோம்

அடுத்து வந்த ஒரு செய்தி என்னை இன்னும் குழப்பியது. பிற்பகல் இரண்டு பத்துக்குப் புறப்பட வேண்டிய விமானம் முற்பகல் பதினொன்று ஐம்பதுக்கு மாற்றப்பட்டுள்ளது என்றும், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்றும் அதில் இருந்தது. இரண்டு மணி இருபது நிமிடம் முந்திப் புறப்படுவது எவ்வகையில் தாமதமாகும்? வாக்கியம் தன்னைத் தானே மறுக்கிறது. எனவே நேரத்தில் பிழை இருக்கிறது என்று தீர்மானித்தேன். பயணிக்குத் தெரிவிப்பதை விட்டுவிட்டு, விமான நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்துப் பிழையைச் சுட்டிக்காட்ட முயன்றேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன்.

நேரம் சரிதான், வருத்தம்தான் தவறு என்று தெரிய வந்தபோது மணி பத்து. அந்த விமானத்தில் போக வேண்டியவர், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். நான் அழைத்துச் சொன்னதும், பாதி சவரத்தோடு ஆட்டோவில் ஏறி, எப்படியோ விமானத்தைப் பிடித்துவிட்டார். சென்னையில் இறங்கியதும் என்னை அழைத்தார். "முப்பது வருஷம் ஃபேக்டரி சங்குக்கு ஓடினேன், இந்த வயசுலயும் என்னை ஓட வெச்சிட்டீங்களே டீச்சரம்மா!"

ரெஜினாவின் முறை

ரெஜினா, நான் பணியாற்றிய பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தர். நாற்பத்தொரு வயது, திருமணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய தம்பி சென்னையை அடுத்த ஆவடிக்கு வேலை மாற்றலாகிக் குடியேறியவன். அவனுடைய முதல் இரண்டு குழந்தைகளின் ஞானஸ்நானத்திலும் ஞானத்தாயாக நின்று குழந்தையை ஏந்தியவள் தம்பி மனைவியின் அக்காள். மூன்றாவது குழந்தைக்கு ரெஜினாதான் என்று தம்பி வாக்களித்திருந்தான். ஆனால் ரெஜினா நேரத்துக்கு வந்து சேராவிட்டால், தன் அக்காளே நின்றுவிடுவாள் என்று தம்பி மனைவியும் சொல்லி வைத்திருந்தாள். சடங்கு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. சனிக்கிழமை பள்ளி ஆய்வு இருந்ததால் ஞாயிறு காலை ஒன்பதரை மணி விமானத்தைத்தான் அவளால் பிடிக்க முடியும்.

ஞானத்தாய்தான் குழந்தைக்கு வெள்ளை உடுப்புக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். கேம்ப் பகுதித் தையற்காரரிடம் இரண்டு முறை பிரித்துத் தைக்கச் சொல்லி வாங்கிய உடுப்பை, அட்டைப் பெட்டியோடு கடைக்கே கொண்டுவந்து காட்டினாள். அதையாவது முன்கூட்டியே கூரியரில் அனுப்பிவிடும்படி நான் அறிவுறுத்தினேன். விமானத்தை நம்பலாகாது என்று அதற்குள் கற்றிருந்தேன். அவள் தலையை அசைத்து மறுத்துப் பெட்டியை மூடினாள். "எல்லாம் நானே கொண்டு போறேன். இதையும் விட்டா நாலாவது கிடையாது டீச்சர், தம்பி பொண்டாட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டா."

ஒரு குறியீடு, இரு பெயர்கள்

அவளுக்குச் சீட்டுப் பதிவு செய்தபோது கணினித் திரையில் இரண்டே இருக்கைகள் மீதம் இருந்தன. அதே விமானத்துக்கு, கராடியில் மென்பொருள் வேலை பார்க்கும் தண்டபாணி என்ற இளைஞரும் தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பதிவு செய்தால், முதல் பதிவு முடிவதற்குள் இரண்டாம் இருக்கை பறிபோய்விடும். ஆகவே குமரவேல் இருவரையும் ஒரே பதிவில் சேர்த்தான். இதற்குக் கடையில் 'ஜோடிப் பதிவு' என்று பெயர்.

முன்பின் அறியாத இருவரை ஒரே குறியீட்டின் கீழ்க் கொண்டுவருவது முறையாகுமா என்று கேட்டேன். அவன் விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்: "சீட்டு தனித்தனி, ஆளு தனித்தனி. மேல ஏறிட்டா எல்லாரும் ஒரே குடும்பம்தான் டீச்சர்."

விரல் பட்ட பாவம்

அந்த ஞாயிற்றுக்கிழமை குமரவேல் பிம்ப்ரியில் மாமனார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தான். கடைக் கைப்பேசி என்னிடம் இருந்தது. ஏழு மணிக்கு வந்த செய்தி, ஒன்பதரை மணி விமானம் பதினொன்று பத்துக்கு என்றது. எட்டரை மணிச் செய்தி, பன்னிரண்டு நாற்பதுக்கு என்றது. இரண்டாம் செய்தியின் அடியில் ஓர் இணைப்பும் இருந்தது; பயணத்தை மாற்றவோ ரத்துச் செய்யவோ விரும்புவோர் அதைத் தொடலாம். ரெஜினா ஆறரை மணிக்கே விமான நிலையத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். "அவசரம் இல்லை, வரிசை குறைந்த பின் கவுண்டருக்குப் போனால் போதும்" என்று அவளுக்குச் சொன்னவள் நானே.

தண்டபாணியையும் அழைத்துச் சொன்னேன். மறுநாள் காலை அவர் திரும்பி வந்தாக வேண்டும். "பன்னெண்டு நாப்பதா? போய் இறங்கி உடனே திரும்பணும் மேடம். கேன்சல் பண்ணிடுங்க, நான் இன்னும் கொஞ்சம் தூங்கறேன்" என்றார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குறியீட்டை இருமுறை சரிபார்த்து, இணைப்பைத் தொட்டு, ரத்துச் செய்தேன். ரத்தான பதிவில் இரு பெயர்கள் இருந்தன என்பது அந்தக் கணத்தில் என் நினைவில் இல்லை.

பத்தே காலுக்கு ரெஜினா அழைத்தாள். குரல் வித்தியாசமாக இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் கணவர் காலையிலேயே இருவருடைய சீட்டையும் ரத்துச் செய்துவிட்டார்" என்று இந்தியில் சொன்னாளாம். ரெஜினா அழவில்லை, மெய்யாகவே குழம்பிப் போயிருந்தாள். "டீச்சர், எனக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?"

கண்ணாடிக்கு இருபுறமும்

ஆட்டோ பிடித்து விமான நிலையத்துக்கு ஓடினேன். சீட்டு இல்லாத என்னைக் காவலர் உள்ளே விடவில்லை. சீட்டு இல்லாமற்போன ரெஜினாவோ, வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது என்பதால் கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் நின்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி தொலைபேசியில் பேசினோம். பிம்ப்ரியில் குமரவேல் சாப்பாட்டை விட்டு எழுந்து கணினியில் தேடிக்கொண்டிருந்தான். நான் விடுவித்த இருக்கைகள் ஒரு நிமிடம் திரையில் தெரிந்தன, மறுநிமிடம் மறைந்தன, மீண்டும் ஒன்று தெரிந்தது. பதினொன்று இருபத்தைந்துக்குப் புதிய குறியீடு வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். உள்ளே அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

அவள் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே கவுண்டரை மூடிவிட்டார்கள். அடுத்த நிமிடம் விமானம் மேலும் தாமதம், இரண்டு ஐம்பதுக்குத்தான் என்று செய்தி வந்தது. மூடிய கவுண்டரைத் திறந்தார்கள். அந்தத் தாமதம்தான் அவளுக்கு இருக்கையைத் தந்தது; அதே தாமதம்தான் நான்கு மணியைப் பறித்தது. நன்றி சொல்வதா, திட்டுவதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இத்தனையையும் பார்த்து, என்னிடம் முழுக் கதையையும் கேட்டறிந்த காவலர் இந்தியில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "மாதாஜி, விமானத்தில் போவது அவரா, நீங்களா, அல்லது வீட்டில் தூங்குகிறாரே, அவரா?"

வெள்ளை உடுப்பு

செவ்வாய்க்கிழமை கடை திறக்குமுன்பே நான் வாசலில் நின்றிருந்தேன். பள்ளிக்குப் போகும் வழியில் ரெஜினா வந்தாள். மன்னிப்புக் கேட்கக் கட்டி வைத்திருந்த வாக்கியங்களை நான் தொடங்குவதற்குள் கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தை நீட்டினாள். ஆவடிக் கோயிலில், ஜன்னல்களுக்கு வெளியே இருட்டிக்கொண்டிருக்க, வெள்ளை உடுப்பில் குழந்தை. குழந்தையை ஏந்தியபடி ரெஜினா. ஓரத்தில், பட்டுப்புடவையில், இதற்கென்றே வந்திருந்த தம்பி மனைவியின் அக்காள். நான்கு மணிச் சடங்கு ஆறரைக்கு நடந்ததாம்.

எப்படிக் காத்திருந்தார்கள் என்று கேட்டேன். நான்கு மணிக்கே அக்காள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுவிட்டாளாம். ஃபாதர் குழந்தையைப் பார்த்து, "வெள்ளை உடுப்பு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அது வானத்தில் இருக்கிறது என்று தம்பிதான் சொன்னானாம். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் துணிக்கடை எதுவும் திறக்கவில்லை. மாலைப் பூசை முடிந்த பின் பார்க்கலாம் என்று ஃபாதர் உள்ளே போய்விட்டார். கூரியரில் அனுப்பும்படி நான் சொன்ன அறிவுரை நினைவுக்கு வந்து, அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். ரெஜினா என் தோளைத் தொட்டுச் சிரித்தாள். "நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா டீச்சர், உடுப்பு நேரத்துக்குப் போயிருக்கும், நான்தான் போயிருக்க மாட்டேன்!"

காலம் தவறாமையை முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்த நான், இப்போது சீட்டுக் கேட்டு வருகிறவரிடம் நேரத்தைச் சொல்வதற்கு முன், நீங்கள் போய்ச் சேராமல் அங்கே எதுவும் தொடங்க முடியாதபடி கையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.