இல்லாத விமானத்தின் இறக்கை

12.1.2017 — கடற்படைப் போர் விமானப் பெட்டி ஒன்று: 1,840
3.2.2017 — குண்டுவீச்சு விமானப் பெட்டி, எஞ்சினுக்காக மட்டும்: 2,275
19.2.2017 — நீலச்சாம்பல் பெயிண்ட், மூன்று குப்பி: 390
20.2.2017 — தரைவிரிப்பில் கொட்டிய மேற்படி பெயிண்டைச் சுத்தம் செய்த வகையில்: 600
8.7.2017 — பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு: 950

என் தங்கையின் கணவர் கட்டிய விமானத்துக்கு ஆன செலவு இது. அப்படி ஒரு விமானம் எந்த நாட்டிலும் பறந்ததில்லை. இரண்டாம் உலகப் போர் இன்னும் இரண்டு ஆண்டு நீண்டிருந்தால், விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எந்த விமானம் கிளம்பியிருக்கும் என்று யோசித்து, அவராகவே உருவாக்கியது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒட்டியது, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு.

அவருக்குப் பல்செட்டு செய்வது தொழில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு வீட்டின் பின்னறையில் முப்பத்தோரு வருடமாகப் பல் ராவுகிறவர். தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்டுதான். நல்ல பல்செட்டு என்றால் பார்க்கிறவருக்கு அது பல்செட்டு என்றே தெரியக் கூடாது. ஆகவே அவருடைய வேலை எவ்வளவு சுத்தமாக இருந்ததோ, அவ்வளவுக்கு அது யார் கண்ணிலும் படவில்லை. அதில் அவருக்கு வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள கடற்படை அருங்காட்சியகத்தின் கண்ணாடி அலமாரியில் இந்த ஒரு விமானம் இருக்க வேண்டும், கீழே அட்டையில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். முடிவு செய்த பிறகுதான் அவர்களுக்கு எழுதினார்.

விமானம் பறந்ததற்கு ஆதாரம் அனுப்பும்படி அங்கிருந்து முதல் பதில் வந்தது. 'ஆதாரம் கிடையாது, அது பறக்கவில்லை' என்று இவர் ஒரே வரியில் எழுதினார். இரண்டாவது பதிலில் கொஞ்சம் இளகியிருந்தார்கள். கட்டப்படாத விமானங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கும் எண்ணம் உண்டு, ஆனால் மாதிரி செய்தவரின் பெயரை அட்டையில் போடும் வழக்கம் இல்லை, தயாரித்த தொழிற்சாலையின் பெயர் மட்டுமே போடுவோம் என்றார்கள். இவர் எழுதினார்: 'சரி. இந்த விமானத்துக்குத் தொழிற்சாலை நான்தான்.'

"இப்படியா எழுதுவாங்க மாப்ளே? கொஞ்சம் பணிவா எழுதக் கூடாதா?" என்றேன்.

"பணிஞ்சு எழுதினா சந்தேகம் வரும் மச்சான். நம்ம சரக்கு மேல நமக்கே நம்பிக்கை இல்லன்னு நினைப்பாங்க."

மூன்றாவது கடிதம் காப்பாளரிடமிருந்து வந்தது. அவர் ஒரு பெண்மணி. பெயர் விஷயத்தைக் குழு முடிவு செய்யும், அதற்கு முன் ஒரு நிபந்தனை என்றிருந்தார். அவர்களிடம் கப்பலுக்குள் விமானம் நிறுத்தும் கொட்டிலின் மாதிரி ஒன்று, அதே அளவு விகிதத்தில் இருந்தது. இறக்கையை மடித்து வைத்தால் விமானம் அதற்குள் நுழைய வேண்டும். நுழையாத விமானம் கடற்படை விமானமே அல்ல. கூரையின் உயரம் 111 மில்லிமீட்டர்.

"நுழையும். என்கிட்ட அளவு இருக்கு" என்றார் இவர்.

என் தங்கை துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அட்டையை வெட்டி அதே அளவில் ஒரு கொட்டில் செய்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இறக்கைகளை மேல்நோக்கி மடித்த விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளினாள். டக்கென்று நின்றது.

"ஏங்க, உங்க கொக்குக்குத் தலை இடிக்குது."

கால்கள் நீளமாக இருப்பதால் அவள் அதற்கு வைத்த பெயர் கொக்கு. அவர் ஸ்கேலை எடுத்து வந்து அளந்தார். 115.

நடந்தது இதுதான். சக்கரம் மாட்டுவதற்கு முன், விமானத்தை ஸ்பாஞ்சில் படுக்க வைத்து உயரத்தை அளந்திருக்கிறார். அப்புறம் குண்டுவீச்சு விமானத்தின் பெரிய எஞ்சினை மூக்கில் பொருத்தினார். பெரிய எஞ்சினுக்குப் பெரிய விசிறி வேண்டும். பெரிய விசிறி தளத்தில் உரசாமலிருக்கக் கால்களை நீட்டினார். கால் நீண்டதும் மடித்த இறக்கையும் சேர்ந்து உயர்ந்துவிட்டது. பழைய அளவு மட்டும் அப்படியே மனத்தில் தங்கிவிட்டது.

"காலைக் கொஞ்சம் குறைச்சிடுங்க மாப்ளே" என்றேன்.

"விசிறி தரையில அடிக்கும்."

"விசிறியைக் குறைங்க" என்றாள் தங்கை.

"அப்புறம் அந்த எஞ்சின் எதுக்கு? அலங்காரத்துக்கா?"

"நாலு மில்லிமீட்டர்தானே. சக்கரத்துல காத்துக் குறைஞ்சிருக்குன்னு சொல்லிடுங்க. இல்லாத விமானத்துக்கு யார் வந்து கேட்கப்போறா?" என்றேன்.

"பல்லு நாலு மில்லி உசந்தா வாயே மூடாது மச்சான். இல்லாததுன்னு நானே இளப்பமா நினைச்சா, அவங்க எப்படி அலமாரியில வைப்பாங்க?"

தங்கை சிரித்தாள். "மேல இடிச்சா இன்னொரு மடிப்பு மடிங்க. பேண்ட்டு நீளமா இருந்தா கீழ்மடிப்பு வைக்கிறதில்லையா?"

அவர் கையை முழங்கையில் மடித்து, பிறகு விரல்களையும் மடித்துப் பார்த்தார். எழுந்து பின்னறைக்குப் போனார்.

பெயிண்ட் அடித்து, எண் எழுதி, வார்னிஷ் பூசி முடித்திருந்த இறக்கைகள் அவை. ஐந்து மாத வேலை. நுனியிலிருந்து பதினான்கு மில்லிமீட்டர் விட்டுக் கோடு போட்டு, பல் ராவும் சக்கரத்தால் இரண்டையும் அறுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல்செட்டுக்குக் கொக்கி வளைக்கும் எஃகுக் கம்பியில் கீல் செய்து, நுனிகள் உள்பக்கமாக மடியும்படி மாட்டினார். இடது நுனி முதலில் சரியாகப் படியவில்லை. கடி பார்க்கும் நீலத்தாளை இடையில் வைத்து மடித்து, நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் ராவினார். மூன்றாம் முறை படிந்தது. இப்போது உயரம் 103.

அருங்காட்சியகத்துக்கு மூவரும் போனோம். விமானம் தங்கையின் மடியில், செருப்புப் பெட்டிக்குள். காப்பாளர் கையுறை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலு ஏன் இவ்வளவு நீளம்?"

இவர் எஞ்சின், விசிறி, கால், இறக்கை என்று வரிசையாகச் சொன்னார். அந்த அம்மாள் விரல் நுனியால் இறக்கையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மடிப்பு முதல்ல இல்ல போலிருக்கே. பெயிண்ட் ஒரு நூல் மாறியிருக்கு."

"இல்லதான். கட்டின பிறகு கூரை இடிச்சது. வெட்டி மடிச்சேன்."

"கொஞ்சம் டச்-அப் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்காதே?"

"பல்லா இருந்தா மறைச்சிருப்பேன். இது விமானம். போர் நேரத்துல பட்டறையில பண்ற மாத்தம் இப்படித்தான் தெரியும். தெரியட்டும்."

காப்பாளர் விமானத்தைக் கொட்டிலுக்குள் தள்ளினார். சத்தமில்லாமல் உள்ளே போனது. குனிந்து, கூரைக்கும் இறக்கைக்கும் நடுவில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார்.

"விமானத்தை எடுத்துக்கிறது உறுதி. அட்டையில பேர் போடுறதைப் பத்திக் குழு சொல்லணும்."

"சொல்லட்டும். பேர் இல்லன்னா விமானமும் இல்ல" என்று இவர் விமானத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் தங்கை அவரைத் திட்டிக்கொண்டு வந்தாள். "கைக்கு எட்டினதை உதறிட்டு வர்றீங்க. ராஜா பரம்பரைன்னு நினைப்பு!" அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

குழுவின் பதிலோடு அட்டையின் மாதிரியும் வந்தது, எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி. 'கப்பல்தளப் போர் விமானம். கட்டப்படவில்லை. இரட்டை மடிப்பு இறக்கை. தயாரிப்பு:' என்று போட்டு, தெருவில் ஒருவருக்கும் தெரியாத அவருடைய முழுப் பெயர், அப்பா பெயரின் முதலெழுத்தோடு. தங்கை அதை இரண்டு முறை உரக்கப் படித்தாள். "பிழை இல்ல" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பின்னறைக்குப் போனார். அங்கே யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பல் காத்திருந்தது.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 14.3.2018, புதன்கிழமை.