மரியாதையாக அலறியவள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சினிமாக் குரல் பதிவு செய்யும் கூடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே அவள் சைரன். வயதில் சின்னவர்களுக்கு சைரன் அக்கா. வாசல் காவலாளிகூட, "சைரன் வந்தாச்சு, காதைப் பொத்திக்கோங்க" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். பட்டப்பெயருக்கெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் பிழைப்பு நடக்குமா?

பிழைப்பே அலறுவதுதான். பேய்ப் படத்தில் கதாநாயகி தேன் ஒழுகப் பேசுகிறாளே, அது வேறொருத்தியின் குரல். அந்த அம்மாள் தன் தொண்டையைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வாள், கத்தச் சொன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கதவு தானாகத் திறந்ததும் ஒரு அலறல் கிளம்புகிறதே, அங்கிருந்து நம் சைரன். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் "விடுடா", "கிட்ட வராதடா" போன்ற துண்டு வசனங்களும் அவளுடையவை. அலறலில் அவளுக்குத் தெரியாத ரகமில்லை. பிணத்தைப் பார்த்த அலறல் மூச்சை உள்ளே இழுத்துத் தொடங்க வேண்டும். துரத்தல் என்றால் விட்டு விட்டு வர வேண்டும். கத்தி இறங்கும்போது பாதியில் அறுந்துவிட வேண்டும். இதையெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குள் தனியாக நின்று, வெதுவெதுப்பான தண்ணீரைக் குடித்துக் குடித்துச் செய்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவாள். திரையில் பெயர் வராது.

வீடு என்றால் மாடியில் இரண்டு அறை. அவளும் மகளும். மகள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. லாரிப் பட்டறையில் மேஸ்திரி, வெளியே தங்கமான மனுஷன் என்று பெயரெடுத்தவர். உள்ளே எப்படி என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மகள் சின்னவளாக இருந்தபோது சைரன் வீட்டிலும் அலறிப் பழகுவாள். குழந்தை பயந்து எழுந்து வந்து நின்றால், "ரிகர்சல் கண்ணு, போய்ப் படு" என்பாள். குழந்தையும் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்ளும். கீழ்வீட்டுக்காரர்கள் முதலில் ஓடிவந்து பார்த்தார்கள், பிறகு பழகிப்போய் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த சைரனுக்கு ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு இளம் இயக்குநர், அதட்டிப் பேசவே தெரியாத பிள்ளை, தன் பேய்ப் படத்தின் நாயகிக்கு முழுக்க முழுக்க அவளே பேச வேண்டும் என்றார். துண்டு துணுக்கு இல்லை, மொத்த வசனமும். வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணை முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே புகுந்து கொல்கிறான். அவள் பேயாக வந்து அவனையும் கூட்டாளிகளையும் ஒருவர் பாக்கியில்லாமல் தீர்க்கிறாள். "உங்க பேர் தனியா வரும்மா" என்றார் இயக்குநர். சைரனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். மகள் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"வேண்டாம்னு சொல்லிடு."

"ஏன்டி?"

"அந்தப் படமெல்லாம் பொம்பளைங்கன்னாலே வெறுப்பு வெறுப்பா எடுக்கறாங்கம்மா. போன வாரம் கிளினிக்ல ஒருத்தன் உட்கார்ந்து போன்ல பார்த்துட்டிருந்தான். ஒரு பொண்ண வெட்டறான், இவன் சிரிக்கறான். பக்கத்துல இருந்தவனுக்கும் காட்டி, ரெண்டு பேருமாச் சிரிக்கறாங்க. கத்தினது நீ."

சைரனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இவ்வளவு காலம் சோறு போட்ட தொழிலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"இது அப்படி இல்லடி. இதுல அவதான் கடைசில ஜெயிக்கறா. பேயா வந்து அவனுங்கள வாடா போடான்னு உலுக்கி எடுக்கறா. வேற எந்தப் படத்துல ஒரு பொம்பள ஆம்பளையப் பார்த்து அப்படிப் பேச முடியுது சொல்லு?"

"டா போட்டுப் பேசறதுக்கு முதல்ல சாகணுமா?"

மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நீ அதுல பேசினா நான் கிளினிக் பக்கத்துல ரூம் பார்த்துட்டுப் போயிடறேன். சண்டைக்குச் சொல்லல. என்னால முடியல."

அன்றிலிருந்து சைரனுக்கு மண்டை காய ஆரம்பித்தது. தன் பெயர் திரையில் வருவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். மகளும் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டில் எதையும் விட முடியவில்லை. மகள் சொல்வது சரியா தப்பா என்று தெரிந்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். அதுவும் பிடிபடவில்லை.

பதிவுக் கூடத்து ஒலிப் பொறியாளரிடம் கேட்டாள். "ஆம்பளைங்களும்தானேக்கா சாகறாங்க" என்றார் அவர். அட, ஆமாம் என்று நிம்மதியாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தாள். ஆண்கள் "ஹக்" என்று ஒரு சத்தத்தோடு போய்விடுகிறார்கள். பெண்கள் சாக அரை நாள் பதிவு ஆகிறது. இது என்ன கணக்கு?

குழந்தைக் குரல்காரியிடம் கேட்டாள். ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாள்தான் ஊரில் உள்ள அத்தனை சினிமாக் குழந்தைகளுக்கும் மழலை பேசுகிறவள். "எனக்குப் பேய்ப் படம்னா உசுரு" என்றாள் அவள். "வீட்ல பயந்தா வெளிய சொல்ல முடியுமா? தியேட்டர்ல கத்தலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எங்க தெருப் பொம்பளைங்க கூட்டமாத்தான் போவோம்." இதுவும் சரியாகத்தான் பட்டது. யாரைக் கேட்டாலும் அவர்கள் சொல்வது சரியாகவே படுவதுதான் சைரனின் பிரச்சினை. போதாக்குறைக்கு, பார்ப்பவர்களைக் கேட்பதா, எடுப்பவர்களைக் கேட்பதா, நடுவில் நின்று கத்துகிறவளைக் கேட்பதா என்றும் தெரியவில்லை. அந்த இயக்குநரைப் பார்த்தால் எறும்பைக்கூட மிதிக்காத பிள்ளை. அவருக்கா வெறுப்பு? அப்படியானால் அந்த வெட்டெல்லாம் எங்கிருந்து வருகிறது?

குழப்பம் தீராமலே ஒப்புக்கொண்டு போய் நின்றாள். மகளிடம் சொல்லவில்லை. மகளுக்குத் தெரியாமலும் இல்லை.

முதல் நாள் காலையில் பேயின் வசனங்கள். சைரன் வெளுத்து வாங்கினாள். "எங்கடா ஓடற?" என்று அவள் போட்ட சத்தத்தில் தேநீர் கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மத்தியானம் அந்தப் பெண் சாகும் காட்சி. இதில் அலறல் கிடையாது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு, கத்தியோடு நிற்கிறவனிடம் மெல்லிய குரலில் கெஞ்ச வேண்டும். தாளில் இருந்த வசனம்: "என்ன விட்டுடு... யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சைரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். குரலைத் தணித்தாள். "என்ன விட்டுடுங்க... யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

"அக்கா, 'விட்டுடு'. 'ங்க' இல்ல" என்றார் பொறியாளர்.

"அச்சச்சோ, ஆமா." மறுபடியும் பேசினாள். மறுபடியும் "விட்டுடுங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "வெட்ட வந்தவனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கறீங்களேக்கா!" இயக்குநரும் சிரித்துவிட்டு, "உதடும் ஒட்டலம்மா. அவ வாயை மூடினப்புறம் உங்க 'ங்க' தனியாத் தொங்குது" என்றார். சைரனும் சிரித்தாள். அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். அப்போதும் வந்தது. இத்தனை காலமாக "விடுடா" என்று வீடு இடியக் கத்தியவளுக்கு, குரலைத் தணித்தவுடன் நாக்கு தன்பாட்டுக்கு மரியாதை கொடுத்தது. கடைசியில் இயக்குநர், "நாளைக்குப் பார்த்துக்கலாம்மா, களைச்சிருக்கீங்க" என்று அனுப்பிவைத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்த்தாள். விட்டுடு, விட்டுடு. சரியாகத்தான் வந்தது. பக்கத்து இருக்கைக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வீட்டில் முன்னறைத் தரையில் ஒரு துணிப்பை, வாய் திறந்து கிடந்தது. மகள் துணிகளை மடித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். போகாதே என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பதில், அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் நின்றுவிடுவாள் என்று ஒரு அசட்டு நம்பிக்கையில் நடந்ததைச் சொன்னாள்.

"கொலைகாரனப் போய் 'விட்டுடுங்க'ன்னு சொல்றேன்டி. எத்தன தடவ சொன்னாலும் 'ங்க'தான் வருது. ரூமே சிரிக்குது!"

மகள் சிரிக்கவில்லை. மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அதுலதாம்மா சின்ன வயசுல நான் கண்டுபிடிப்பேன்."

"எத?"

"ரெண்டுக்கும் நீ ரிகர்சல் ரிகர்சல்னுதான் சொல்லுவ. நிஜமாவே ரிகர்சல்னா 'விடுடா'ன்னு கத்துவ. அப்பான்னா 'அடிக்காதீங்க'ன்னு மெதுவாச் சொல்லுவ, கீழ்வீட்டுக்குக் கேக்காம. உள்ள படுத்துக்கிட்டு 'டா' வருதா, 'ங்க' வருதான்னு பார்த்துட்டே இருப்பேன்."

சைரன் மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தைக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டோம் என்ற ஒரே ஒரு பெருமையை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தாள்.

"'டா' வந்தா?" என்று கேட்டாள்.

"'டா' வந்தா தூங்கிடுவேன்."

கீழே யாரோ மிக்ஸி போட்டார்கள்.

"அப்போ அந்தக் கத்தல் உனக்குப் பிடிச்சுதான இருந்துது? இப்ப ஏன்டி வெறுக்கற?"

"தெரியலம்மா." மகள் மடியிலிருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அவன் போன்ல பார்த்துச் சிரிச்சானே, எனக்கு என்னவோ அவன் நம்ம வீட்டப் பார்த்துச் சிரிச்ச மாதிரியே... தெரியல. படத்த வெறுக்கறேனா, வேற எதையாவது வெறுக்கறேனா, ஒண்ணும் புரியல. என்னக் கேக்காத."

சைரன் கேட்கவில்லை. அவளுக்கே புரியாததை மகளைக் கேட்டு என்ன செய்ய? அந்த மனுஷனிடம் ஒரு தடவைகூட 'டா' போட்டதில்லை, அடி விழும்போதும் 'ங்க'. அந்த 'டா'வைச் சம்பளத்துக்கு யார் யாரையோ பார்த்துக் கத்தியிருக்கிறாள். அந்தப் படங்கள் தன்னை வெறுத்தனவா, தனக்கு வாய் கொடுத்தனவா? இரண்டும்தானோ? அழுகைதான் வந்தது.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க, அந்த வசனத்தச் சொல்லு" என்றாள்.

"இப்பவா?"

"நாளைக்குப் பேசணும்ல? சொல்லு."

"என்ன விட்டுடுங்க..."

"'ங்க' வருது. மறுபடி."

"என்ன விட்டுடு... ங்க."

"மறுபடி."

சைரன் எழுந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் இருந்த பெண் வரவில்லை, கத்தி வைத்திருந்தவனும் வரவில்லை. பட்டறை எண்ணெய் நாற்றத்தோடு வேறொருவர் வந்து நின்றார். "விட்டுடு" என்றாள். 'ங்க' வரவில்லை. அது போதும், தாளில் அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் அவளால் அங்கே நிறுத்த முடியவில்லை. "விட்டுடுடா" என்றாள். "விடுடா! என்ன விடுடா! கிட்ட வராதடா!" தணிக்க வேண்டிய குரல் எகிறிக்கொண்டு போயிற்று. கீழ்வீட்டில் வழக்கம்போல டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

மூச்சு வாங்கக் கண்ணைத் திறந்தபோது, மகள் அந்தத் துணிப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிப் படுத்துத் தூங்கிப்போயிருந்தாள். விளக்கை அணைப்பதா, எழுப்பிச் சாப்பிடச் சொல்வதா, பையை உருவி எடுத்துவிட்டுத் தலையணை வைப்பதா என்று தெரியாமல், சைரன் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.