கொழுந்தனின் கல்பாக்

என் கொழுந்தன் மெதெர்பெக் நரின் நகரிலிருந்து மலைக் கிராமங்களுக்கு வேன் ஓட்டுகிறவன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, உழைப்புக்கு அஞ்சாதவன். ஆனால் அவன் தலைப்பக்கம் போனாலே எனக்குக் குமட்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவன் தலையணை உறையைத் துவைக்கிறவள் நான்தான்.

முப்பது வயதில் அவனுக்கு நெற்றி மேலே ஏறத் தொடங்கியது. செத்துப்போன என் மாமனாருக்கும் அதே வயதில் அங்கேதான் ஏறியதாம். சுவரில் அவர் படம் வழுக்கைத் தலையோடு தொங்குகிறது. வந்தவர் போனவர் எல்லாரும் பார்க்கிறார்கள், இவன் மட்டும் பார்க்க மாட்டான். கல்பாக் போட்டால் காற்றுப் புகாமல் முடியின் வேர் அழுகிவிடும் என்று டிரைவர்களில் எவனோ சொன்னதைப் பிடித்துக்கொண்டான். நம் ஆண்கள் தொட்டிலை விட்டு இறங்கியதும் தலையில் ஏற்றுகிற வெள்ளைக் கம்பளித் தொப்பியின் மேல்தான் அவனுக்குக் கோபம்.

ஒரு குளிர்காலம் முழுக்க வெறுந்தலையோடு திரிந்தான். காது பனியில் வெந்து தோல் உரிந்தது. முடி அதுபாட்டுக்குக் கொட்டியது.

"என்ன தம்பி, தொப்பி இல்லாமலும் கொட்டுதே?" என்றேன்.

"முன்னாடி போட்டது அண்ணி. அது இப்பத்தான் வேலையைக் காட்டுது."

இவனிடம் என்னத்தைப் பேச!

பிறகு சந்தையில் ஒருத்தி களிம்பு விற்றாள். ஆட்டு வால் கொழுப்பில் பூண்டை அரைத்துப் போட்டது. தடவிவிட்டு தலையைச் சூடாக மூடி வைக்க வேண்டுமாம். எதைக் கொண்டு மூடினான் தெரியுமா? அதே கல்பாக்கைக் கொண்டு! ராத்திரி பகலாகக் கழற்றவில்லை. கொழுப்பு உருகித் தொப்பியின் விளிம்பில் மஞ்சளாக இறங்கியது. அதில் பொடுகும் உதிர்ந்த முடியும் ஒட்டிக்கொண்டன. ஈ வந்து உட்கார்ந்தால் எழுந்து போகாது. சாப்பிடும்போது அவன் குனிந்தால் நான் ரொட்டியை எட்ட நகர்த்திவிடுவேன்.

இந்த அழகுக்கு ஒரு பெண்ணும் அமைந்தாள். அடுமனையில் வேலை பார்க்கும் சய்கால். தினமும் அவன் வேனில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, வருகிறவள். அவனுக்கும் அவள் என்றால் உயிர். பேசி முடிக்க அவள் அப்பா ஒமுர்குல் வருவதாகச் சொன்னார். நம் வழக்கப்படி அவர் புதுக் கல்பாக் கொண்டுவந்து தன் கையால் மாப்பிள்ளை தலையில் வைப்பார். அதற்குப் பழையது இறங்கியாக வேண்டும். அவர் வருகிற அன்று காலையில் கெஞ்சினேன்.

"இன்னைக்கு ஒரு நாளாவது தலையைக் கழுவித் தொலை தம்பி. உன் காலில் விழறேன்."

"கழுவினா மருந்து போயிடும் அண்ணி. இப்பத்தான் குருத்து விடுது."

ஆட்டுக்கறி பரிமாறி முடிந்தது. ஒமுர்குல் எழுந்து, மெதெர்பெக்கின் பழைய தொப்பியை எடுத்தார். அது சட்டென்று வரவில்லை. ஒட்டியிருந்ததைப் பிய்த்துத்தான் எடுத்தார். கெட்டுப்போன கொழுப்பின் நாற்றம் அறை முழுக்க அடித்தது. என் கணவர் தலாய் வாயைப் பொத்திக்கொண்டார். மெதெர்பெக்கின் மண்டை நிறையப் புண். தொப்பியின் உள்ளே மிச்ச முடி கொத்தாக ஒட்டியிருந்தது.

ஒமுர்குல் விரல்களை மேஜைத்துணியில் துடைத்தார். "என்னப்பா இது?"

மெதெர்பெக் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எல்லாம் கல்பாக் பண்ணின வேலை மாமா. அதுதான் என் முடியைத் தின்னுடுச்சு."

கையில் கல்பாக்கை வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் போய்ச் சொல்கிற பேச்சா இது!

ஒமுர்குல் தன் கல்பாக்கைக் கழற்றினார். அவர் தலையில் நரைத்த முடி அடர்ந்து நின்றது. "நடக்கப் பழகின நாள்ல இருந்து இது என் தலையில இருக்கு. என் தம்பியும் போடறான், அவன் சுத்த மொட்டை. மொட்டையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லப்பா. தன் தலையில இருக்கிற குறைக்குத் தொப்பி மேல பழி போடறவன், நாளைக்கு வீட்டுல எது நடந்தாலும் என் பொண்ணு மேல போடுவான்."

புதுத் தொப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். தலாய் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினார். பயனில்லை.

நான் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். மெதெர்பெக் அழுதுகொண்டிருந்தான். பாவமாகத்தான் இருந்தது. கிட்டே போகத்தான் முடியவில்லை.

"பாத்தீங்களா அண்ணி? இந்தத் தொப்பி என் கல்யாணத்தையும் தின்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்து மறுபடியும் தலையில் மாட்டிக்கொண்டான்.