எட்டு டிகிரிக்கு மேலே ஐம்பது நிமிடம்

மீட்டர்காரருக்கு வேலை முடிந்து ஐந்து வருடம் ஆகிறது. பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. முப்பத்தோரு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்து எழுதியவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதல் வருடத்தில் ஒரு வீட்டு நாய்க்குப் பயந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, போன மாத எண்ணோடு எதையோ கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டு மீட்டர் எரிந்து கரியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. 'செத்த மீட்டருக்கு நாடி பார்த்த வைத்தியர்' என்று அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு வெட்கத்தில் கூனிப் போனவர், அப்புறம் கண்ணால் பார்க்காத எண் எதையும் எழுதியதில்லை. நாய் கடித்தாலும் பார்த்துவிட்டுத்தான் கடி வாங்குவார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது பெட்டி தூக்கும் வேலை. பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத ஒருவர் தன் எலும்பு மஜ்ஜையைத் தானமாகக் கொடுப்பார். இன்னோர் ஊரில் ஒரு நோயாளி அதற்காகப் படுத்திருப்பார். மஜ்ஜை வருகிறது என்று நம்பி, அந்த நோயாளியின் உடம்பில் இருக்கும் சொந்த மஜ்ஜையை மருந்து கொடுத்து முன்னாலேயே அழித்துவிடுவார்கள். புதியது வந்து சேரவில்லையென்றால் பழையதும் இல்லை, ஆள் போக வேண்டியதுதான். அந்தப் பையைக் குளிர்பெட்டியில் வைத்துக் கையிலேயே சுமந்து, விமானம் ஏறி, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உள்ளே குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. கைப்பிடியில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் எண் தெரியும். அது அந்த நிமிட எண்ணை மட்டும்தான் காட்டும், பழையதை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அதனால் மணிக்கு ஒரு தடவை பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டி எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று வழியில் எவரிடமும் பேசக் கூடாது.

இதுவரை நாற்பத்தொரு பயணம். ஒரு தாளில்கூட ஒரு கறை இல்லை.

நிறுவனம் அவருக்கு எப்போதும் பிரீமியம் எகானமியில்தான் சீட்டுப் போடும். கடைசி வகுப்பில் முன் சீட்டுக்கு அடியில் பெட்டி நுழையாது. முதல் வகுப்பில் கட்டில் மாதிரி விரியும் சீட்டு. "அதுல படுத்தா நீங்க குறட்டை விட்டுத் தூங்கிருவீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் நடுவுல உக்கார வெச்சிருக்காங்க" என்பது அவர் மனைவியின் கண்டுபிடிப்பு. அவருக்கோ உள்ளூரப் பெருமைதான். காலை நீட்டலாம், தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் கொடுப்பார்கள், கை துடைக்கச் சுடச்சுடத் துணி வரும். நாலு விரற்கடை அகலம் கூடுதலாக ஓர் ஆசனம் கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு மரியாதை வந்துவிடுகிறது!

நாற்பத்திரண்டாவது பயணம் பதின்மூன்று மணி நேரப் பறப்பு, இரவு பத்தரைக்குக் கிளம்பியது. அவருக்கு நடைபாதை ஓரம். பக்கத்தில் ஜன்னலோரமாக ஒரு கனத்த மனிதர் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, போர்வையைப் பிரித்து, கண்பட்டை மாட்டி, விமானம் மேலே ஏறுவதற்குள் தூங்கியும்விட்டார். மீட்டர்காரர் பெட்டியை முன் சீட்டுக்கு அடியில் வைத்தார். யாராவது நடக்கும்போது கால் இடித்துவிடுமோ என்று இன்னும் உள்ளே தள்ளினார். அப்போதும் மனசு கேட்காமல், முட்டி போட்டு, ஓரத்தில் இருந்த இரும்புக் கூட்டோடு ஒட்டி அணைத்தாற்போல் வைத்தார். இனி யார் காலும் படாது. எண்ணைப் பார்த்தார். 4.6. எழுதினார்.

அடுத்த மணி 5.3. அதற்கடுத்தது 6.2. 'கதவு ரொம்ப நேரம் திறந்து கிடந்துச்சு, அந்தச் சூடுதான்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மூன்றாவது மணி 7.1. அப்போதாவது விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நாற்பத்தொரு தடவை சரியாகச் செய்தவனுக்குத் தன் கையில் தப்பு நடக்கும் என்றே தோன்றாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை ஆனையிடம் யார் போய்ச் சொல்வது? விளக்கெல்லாம் அணைந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பார்த்தாரே தவிர யோசிக்கவில்லை.

நாலாவது மணி குனிந்து பார்த்தார். 8.2.

கையை உள்ளே விட்டுத் துழாவினார். அந்த இரும்புக் கூடு தோசைக்கல் மாதிரி இல்லையென்றாலும், கை வைத்ததும் எடுக்க வைக்கும் அளவுக்குச் சுட்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் எதிரே படம் ஓடுகிறதே, அதற்கான கருவி அதற்குள்தான் இருக்கிறது. நாலு மணி நேரமாகப் பெட்டியை அடுப்போரம் அணைத்து வைத்திருக்கிறார்! வேறு யாராவது ஏனோதானோவென்று நடைபாதைப் பக்கமாக வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அக்கறைதான் அவரைக் கவிழ்த்தது.

பெட்டியை வெளியே இழுத்தார். 8.4. இழுத்த பிறகும் ஏறுகிறது. மணியை அழுத்தினார். பணிப்பெண் வந்து குனிந்தாள். பெட்டிக்கான கடிதத்தை ஏறும்போதே காட்டியிருந்ததால் அவளுக்கு விஷயம் தெரியும்.

"என்னாச்சு சார்?"

"சூடு ஏறுதும்மா. எட்டைத் தாண்டிடுச்சு."

"ஐஸ் கொண்டு வரட்டுமா?"

"ஐயோ, வேணாம்! உள்ள வெச்சிருக்கிறது அளந்து வெச்ச குளிர். நேரா ஐஸ் பட்டா உறைஞ்சு செத்துரும். மூடியையும் தொறக்கக் கூடாது. எங்கயாவது ஜில்லுனு ஒரு இடம் இருக்கா?"

அவள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஜன்னலோரம் கால் வைக்கிற இடத்துல சுவர் நல்லா ஜில்லுனு இருக்கும் சார். அங்க உக்கார்றவங்க எல்லாரும் கால் விறைச்சுப் போச்சுன்னு சண்டை போடுவாங்க. ஆனா..." என்று தூங்குகிறவரைக் காட்டினாள். "அவர எழுப்பி மாறச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நீங்க வேணா கேட்டுப் பாருங்க."

மீட்டர்காரர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர். வெயிலில் நடக்கும்போதுகூட ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டதில்லை. 8.5. தோளைத் தொட்டார். அசைவில்லை. உலுக்கினார். கண்பட்டை மேலே ஏறியது.

"சார், மன்னிக்கணும். கொஞ்சம் சீட் மாத்திக்கலாமா?"

"என்னது?" கனத்த மனிதருக்குக் கோபம் வருவதற்குள் கொட்டாவி வந்தது. "யோவ், ஜன்னலோரம்னு ஆசைப்பட்டு மூணு மாசம் முன்னாடியே பிடிச்ச சீட்டு இது. மாத்திரை போட்டுத் தூங்கறேன். நடுராத்திரில எழுப்பி மாத்திக்கலாமான்னா?"

"எனக்கில்ல சார். இந்தப் பெட்டிக்கு."

"பெட்டிக்கு ஜன்னல் சீட்டா? வேடிக்கை பாக்கப் போகுதா?"

"உள்ள ஒரு உயிர் இருக்கு சார். சூடு தாங்காது."

கனத்த மனிதர் எழுந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாய்க்குட்டியா?"

வேறு சமயமாக இருந்தால் மீட்டர்காரருக்கே சிரிப்பு வந்திருக்கும். அப்போது வரவில்லை. "நாய் இல்ல சார். ஒரு நோயாளிக்குப் போறது. இது கெட்டுப்போனா அவங்களுக்கு வேற வழி கிடையாது. தப்பு என்னோடது. நான்தான் தெரியாம சூட்டுல வெச்சிட்டேன்" என்றார். சொல்லக் கூடாததைச் சொல்கிறோம் என்பதுகூட உறைக்கவில்லை.

கனத்த மனிதர் அவரையே பார்த்தார். பிறகு போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். செருப்பைத் தேடி எடுக்கக்கூட நிற்கவில்லை.

பெட்டி சுவரோரம் போனது. மீட்டர்காரர் தரையில் முட்டி போட்டு அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். 8.6. பத்து நிமிடம் கழித்தும் 8.6. சாமி கும்பிடத் தெரிந்தவரில்லை, ஆனாலும் உதடு எதையோ முணுமுணுத்தது. 8.5. 8.3. காலில் ரத்த ஓட்டம் நின்று மரத்துப்போனது. நகரவில்லை. 8.1. கடைசியில் 7.9 வந்தபோது பின்னாலிருந்து, "இறங்கிடுச்சா?" என்று குரல் கேட்டது. கனத்த மனிதர் தூங்கவேயில்லை.

அப்புறம் எண் இறங்கிக்கொண்டே வந்தது. விடியும்போது 5.1. மீட்டர்காரர் தாளை மடியில் விரித்தார். நாலாவது மணிக்கான கட்டம் காலியாக இருந்தது.

உலகத்தில் அந்த 8.6-ஐப் பார்த்தது இரண்டு கண்தான். 7.9 என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? எழுதினால் நாற்பத்திரண்டாவது தாளும் சுத்தம். எழுதாவிட்டால் இந்த வேலையும் போகும், 'செத்த மீட்டருக்கு நாடி பார்த்தவன்' என்ற பழைய சிரிப்பு வேறு உருவத்தில் வரும். பேனாவை எடுத்தார், வைத்தார். இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம். அதுவும் யாருடைய சோற்றில்? எழுதினார்: 'எட்டுக்கு மேலே ஐம்பது நிமிடம். உச்சம் 8.6. பெட்டியைச் சூடான இடத்தில் வைத்தது என் தவறு.' கையெழுத்துப் போட்டார்.

மருத்துவமனை ஆய்வகத்தில் பெட்டியை வாங்கிய பெண், தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது நெசமா?"

"ஆமாம்மா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "உயிரோட எத்தனை செல் மிஞ்சியிருக்குன்னு எண்ணிப் பாக்கணும். ஒரு மணி நேரம் ஆகும். நீங்க கெளம்பலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அவர் கிளம்பவில்லை. வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான், முப்பது முப்பத்தைந்து வயது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் எழுந்து எழுந்து போய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஐயா, நீங்க இங்க வேலை பாக்கறவரா? எங்க பொண்ணுக்கு வெளியூர்லேர்ந்து ஒரு பெட்டி வரணும். வந்துச்சான்னு தெரியுமா?"

வந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, நல்லபடியா வந்துச்சா என்பதாகத்தானே இருக்கும்? "நான் இங்க வேலை பாக்கறவன் இல்லப்பா" என்றார்.

அவன் மறுபடி உட்கார்ந்தான். "யாரோ ஒருத்தர் ராத்திரி பூரா தூங்காம மடியில வெச்சுக் கொண்டு வர்றாராம். டாக்டர் சொன்னாங்க. அந்த மகராசன் காலத் தொட்டுக் கும்பிடணும் ஐயா. பேரச் சொல்ல மாட்டேங்கறாங்க."

மீட்டர்காரர் தன் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து நிமிடம். இருபது. அவன் பேசிக்கொண்டே இருந்தான், இவர் காதில் 8.6 மட்டுமே கேட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது. அந்த மாற்றிப் போட்ட பொத்தானைப் பார்த்து இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பத்தெட்டாவது நிமிடம் கதவு திறந்தது. ஆய்வகப் பெண் நேராக அவரிடம் வந்து குனிந்து காதோரம் சொன்னாள்: "கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா போதும். நீங்க எழுதினதால சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்காம, இப்பவே ஏத்தச் சொல்லிட்டாங்க."

மீட்டர்காரர் தலையாட்டினார். அறுபத்துமூன்று வயது மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் இருந்தவன் பதறிப்போனான். ஏதோ கெட்ட சேதி என்று நினைத்து, தன் கவலையை மறந்து, அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"அழாதீங்க ஐயா. எல்லாம் சரியாப் போயிரும். உள்ள இருக்கறது உங்களுக்கு யாரு?"

மீட்டர்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொந்தம்தாம்பா" என்றார்.