அவள் சொன்னதாகத் திரையில் வந்தது

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் மனைவி ஊரையே விற்றுவிட்டு வரக்கூடியவள். நாங்கள் குடியிருக்கும் பெஹாலாவின் சந்தையில் காய்காரரிடம் வங்காள மொழியில் பேரம் பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பித் தமிழில் அவரைக் கிண்டலடிப்பாள். போன வருஷம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அந்த வாய் போயிற்று.

போயிற்று என்பதும் சரியில்லை. பேச்சு நிற்கவே இல்லை. ஏற்ற இறக்கம், கேள்வியின் இழுப்பு, கோபம் எல்லாம் அப்படியே இருந்தன, சொற்கள்தான் இல்லை. "பத்தில கொலுமா தீரி" என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டு என்னையே பார்ப்பாள். பேச்சைப் புரிந்துகொள்ளும் இடம் அடிபட்டிருக்கிறது, நீங்கள் சொல்வதும் அவருக்கு இப்படித்தான் கேட்கும் என்றார் டாக்டர். அவள் பேசாமலே கிடந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

என் பிழைப்போ கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது. யார் யாரோ பதிவுசெய்து கொடுத்த போன் பேச்சுகளைக் கேட்டு, கம்ப்யூட்டர் அதை எழுதியிருப்பதைத் திருத்துவேன். ஆசை யாரை விட்டது? எழுதும் அந்தச் செயலியைப் பழைய போன் ஒன்றில் போட்டு அவள் தலையணையருகே வைத்தேன். அவள் ஏதோ சொன்னாள். திரையில் வந்தது: "சாப்டீங்களா?"

உடைந்து அழுதேன். ஆபீஸிலிருந்து நுழைந்ததும் அவள் கேட்கும் கேள்வி அல்லவா அது. பிறகு அந்த போன் அங்கேயே இருந்தது. "உடம்பு பரவால்லையா?" என்றும் வந்தது, "சரி, வெச்சிடட்டுமா?" என்றும் வந்தது. கண்ணெதிரே படுத்திருப்பவள் போனை வைக்கட்டுமா என்று ஏன் கேட்கிறாள் என யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவளைப் பார்த்துக்கொள்ளும் வங்காளி ஆயா ஒவ்வொரு முறையும் கேட்பார்: "தாதா, பௌதி கீ போல்லோ?" அண்ணா, அண்ணி என்ன சொன்னாங்க என்று. நான் மொழிபெயர்த்துச் சொல்வேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயா அவளைக் குளிக்க அழைத்துப் போயிருந்தார். அறைக்குள் போனேன். கட்டில் காலி. மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது, வேறு சத்தமில்லை. திரையில் வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது: "சாப்டீங்களா? சாப்டீங்களா? சரி, வெச்சிடட்டுமா?"

யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழர்கள் போனை எடுத்தால் முதலில் சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்கள். அந்த வரியைத் திருத்தித் திருத்திக் கம்ப்யூட்டருக்கு ஊட்டியவனே நான்தான். சத்தம் புரியாவிட்டால் அது அதிகம் பழகிய வரியை எழுதிவைக்கும். யாரோ யாரிடமோ கேட்டதற்கு இத்தனை நாளும் பதில் சொல்லியிருக்கிறேன். இவள் என்ன கேட்டாளோ, அது அப்படியே போய்விட்டது. இனி வராது.

போனை அணைத்தேன். ஆயா அவளைக் கூட்டிவந்து தலை துவட்டினார். அவள் என்னிடம் நீளமாக ஏதோ சொன்னாள், கெஞ்சுவதுபோல இருந்தது. ஆயா சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"பௌதி கீ போல்லோ, தாதா?"

"ஜானி நா" என்றேன். எனக்குத் தெரியாது.