என் நம்பரைப் போடச் சொன்னேன்

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் இன்ஜினியர் அம்மா ஞாயிறுதோறும் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்துக்கு வந்து கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலியான நானும் போனேன். முதல் நாள் மவுஸைத் தூக்கி, டிவி ரிமோட் மாதிரி ஸ்கிரீனைப் பார்த்து நீட்டினேன். ஒரே மாதத்தில், இன்டர்நெட்டே என்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்று டீக்கடையில் அளந்தேன். உண்மையில் தமிழையே பஸ் போர்டு அளவுக்குத்தான் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்குக் கோலம்.

பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாவது முடித்தவள். முந்திரிக்கொட்டை உடைத்து விரலெல்லாம் கறுத்துக் கிடந்தவள், நர்ஸ் உதவியாளர் பயிற்சிக்கு அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பிலேயே விண்ணப்பம் போட்டாள். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

"போன் நம்பர் கேக்குதுண்ணே. எங்க வூட்ல போனே இல்லியே."

"நான் எதுக்கு இருக்கேன்? என் நம்பரப் போடும்மா. தெருவுக்கே நான்தான் ஆபீசு."

அப்புறம் தினமும் கேட்பாள். "எதனா வந்துச்சாண்ணே?"

"வந்தா சொல்லாம பூட்டி வச்சிக்கினா இருப்பேன்?"

இங்கிலீஷில் மெசேஜ் வந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் காலர் டியூனுக்குப் பாட்டு வைக்கச் சொல்லும் விளம்பரம் என்று நினைத்துப் பட்டனை அமுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் அம்மா கம்ப்யூட்டரில் அவள் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார். "வியாழக்கிழமையே நேர்காணல் முடிஞ்சிடுச்சேம்மா. மெசேஜ் அனுப்பியிருக்காங்களே."

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். விளம்பரங்களுக்கு நடுவிலிருந்து அதைத் தேடி எடுத்து, தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறாமல் வாசித்தாள்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதாண்ணே?"

"கண்ணாடிய வூட்ல வச்சிட்டேன்மா" என்றேன். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிற கூட்டம் அது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கண்ணாடி போட்டு யாருமே பார்த்ததில்லை.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தெனம் நானே வந்து பாத்துக்கினு இருப்பனே."

திட்டியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மறுநாள் முதல் ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தபோது, அவள் முந்திரி உடைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எதிரே போக முகமில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனேன். ரொம்ப நாள் எனக்கு அதுதான் வழி.